கேழ்வரகும் கல்வெட்டும்

திருப்பதி மலைமீதும் அடிவாரத்துக் கோயில்களிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தார் 1930களில் அவற்றைத் தொகுதி தொகுதியாக அச்சிட்டு உபகரித்தார்கள். மன்னர்களின் படையெடுப்பையும் வாகை சூடிய வரலாற்றையும் தேடி அத்தொகுதிகளைப் புரட்டுகிறவர்கள் சற்று ஏமாற்றமே அடைவார்கள். பக்கத்துக்குப் பக்கம் அங்கே விரிவது மடைப்பள்ளிக் கணக்கு. இன்னார் இத்தனை பணம் செலுத்தினார். அதைக்கொண்டு இன்ன திருநாளில் இத்தனை தளிகை அமுது செய்தருளப்பண்ண வேண்டும். அதற்கு அரிசி இவ்வளவு, நெய் இவ்வளவு, பயறு இவ்வளவு என்று ஆழாக்கு, உழக்கு, நாழி வரையில் கணக்கு செல்லுகிறது. அளந்த மரக்காலுக்கும் பெருமாளின் பெயர்தான். மலைகுனிய நின்றான் என்பது அது.

அந்தக் கணக்கில் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு சொல். எந்தப் பண்டத்தைச் சொன்னாலும் அதன் பின்னே ‘அமுது’ என்று சேர்த்தே சொல்லுகிறார்கள். நெய்யமுது, தயிரமுது, கறியமுது, பயற்றமுது, சர்க்கரையமுது. உப்பும் மிளகும்கூட உப்பமுது, மிளகமுது. பாக்குக்கு அடைக்காயமுது, வெற்றிலைக்கு இலையமுது. இப்பட்டியலில் காரத்துக்கு மிளகு ஒன்றே காணப்படும். மிளகாயை நாடுவது வீண். அது போர்த்துக்கேசியரின் கப்பலில் அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. இந்தக் கல்வெட்டுகளில் பலவும் எழுந்த 15ஆம் நூற்றாண்டில் நம் நாட்டவர் அதைக் கண்டதே இல்லை.

இத்தனை அரிசியும் எங்கிருந்து வந்தது? அதற்கும் கல்லே விடை கூறுகிறது. பக்தர்கள் செலுத்திய பொன்னையும் பணத்தையும் பெட்டியில் பூட்டி வைக்காமல், கோயிலுக்குரிய திருவிடையாட்டக் கிராமங்களில் ஏரி திருத்தவும் கால்வாய் வெட்டவும் செலவிட்டார்கள். நீர் பாய்ந்ததும் நிலம் மிகுதியாக விளைந்தது. அந்த மிகுதி விளைவிலிருந்து கொடையாளர் விரும்பிய தளிகை நாள்தோறும் நடைபெற்றது. முதல் அழியாமல் பலன் மட்டும் பெருகும் இந்த ஏற்பாட்டைப் பற்றி பர்ட்டன் ஸ்டைன் என்னும் அமெரிக்க அறிஞர் 1960இல் ஒரு கட்டுரை எழுதினார். கோயிலைப் பொருளாதார நிலையமாகக் காண்பதற்கு வழி திறந்த ஆராய்ச்சிகளில் அது ஒன்று. படைத்த பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடையாளருக்கு உரியது. ‘விட்டவன் விழுக்காடு’ என்பது அதன் பெயர். சாளுவ நரசிம்மனின் காலத்தில் கந்தாடை இராமானுஜய்யங்காரின் மேற்பார்வையில் மலைமேலும் கீழும் இராமானுஜ கூடங்கள் இயங்கின. யாத்திரிகர்கள் அங்கே பசியாறினார்கள்.

ஆயினும் இக்கணக்கு முழுவதும் நெல்லின் கணக்கு என்பதை நேயர்கள் கருத வேண்டும். ஏரியும் கால்வாயும் உள்ள தாழ்நிலத்தின் கணக்கு அது. பழைய சித்தூர் ஜில்லாவுக்கு இன்னொரு பாதியும் உண்டு. 1911 ஏப்ரல் 1ஆம் தேதி, வடஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் சில தாலுகாக்களைப் பிரித்து, ஜமீன்களையும் சேர்த்து அந்த ஜில்லாவை அமைத்தார்கள். சித்தூரிலிருந்து மேற்கே மொகிலிக் கணவாய் ஏறிச் சென்றால் பலமநேரி வரும். அதற்கப்பால் புங்கனூர், மதனப்பள்ளி. கடல்மட்டத்துக்கு மேல் 2,000 அடிக்கும் உயர்ந்த, மைசூர்ப் பீடபூமியோடு ஒட்டிய மேட்டுநிலம் அது. பெரிய ஆறு கிடையாது. செம்மண்ணும் பாறையும் வானத்து மழையுமே அங்குள்ள குடியானவனுக்குச் சொத்து. அவன் உண்டது கேழ்வரகு. அது பெருமாளுக்குப் படைக்கும் பண்டமாகக் கருதப்படவில்லை. எனவே கல்லில் ஏறுவதற்கும் அதற்கு வழியில்லாமற் போயிற்று.

தெலுங்கில் ராகி, நம்மவர் நாவில் கேழ்வரகு, கேப்பை. வடஆற்காட்டார் களி என்பதை மலைக்கு மேற்கே சங்கடி என்பார்கள். கைப்பிடி நொய்யரிசியைக் குழையவிட்டு, கொதிக்கும் உலையில் மாவைக் கொட்டி மூடிவைத்து, பிறகு பானையைக் காலால் அணைத்துக்கொண்டு துடுப்பினால் கட்டியில்லாமல் கிண்டி, ஈரக்கையால் உருட்டி எடுப்பது அது. கூட ஊற்றிக்கொள்வது கொள்ளுச் சாறாக இருக்கலாம். கீரை மசியலாக இருக்கலாம். தை மாதம் மொச்சை முற்றும் பருவமாயின், ஊறவைத்துத் தோல் பிதுக்கிய பருப்பைக் குழம்பாக்குவார்கள். அதைத் தமிழர் பிதுக்குப் பருப்பு என்பர். தெலுங்கர் பிதிகிப் பப்பு என்பர். 1960இல் பட்டாஸ்கரின் முடிவின்படி திருத்தணி நமக்கு வந்தது; சத்தியவேடு அவர்களுக்குப் போயிற்று. பிதுக்குப் பருப்பை மட்டும் எந்தக் கமிஷனும் பிரிக்க முடியவில்லை.

இந்தக் கூட்டு பானையில் தொடங்குவதன்று, நிலத்திலேயே தொடங்குகிறது. கேழ்வரகு விதைக்கும்போதே சில சால்களுக்கு ஒன்றாக மொச்சையும் துவரையும் ஊடுபயிராக இடுவது அந்த மேட்டுநிலத்தின் பழைய வழக்கம். தானியம் கதிர் அறுபட்ட பின்பும் மொச்சைக்கொடி பனியில் நின்று காய்க்கும். மழை தவறினால் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும். விளைந்த கேழ்வரகோ பூச்சி அரிக்காத தானியம். நெல்லும் சோளமும் கெட்டுப்போகும் காலத்திலும் அது பல ஆண்டுகள் கிடக்கும். ஆகவே மண்ணில் பாதரை தோண்டி, வைக்கோல் பரப்பி, தானியத்தைக் கொட்டி, வாயை மண்ணால் பூசி மூடிவிடுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அதுவே பாங்கி.

இந்நாளில் சிலர் இதை ஆதிகாலத்திலிருந்து இம்மண்ணிலேயே தோன்றிய உணவு என்று பெருமை பேசுகிறார்கள். அதை நான் ஒப்பமாட்டேன். கேழ்வரகின் தாயகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்கள் என்பது தாவர நூலாரின் முடிவு. சங்கடிக்குத் தொட்டுக்கொள்ளும் துவையலில் உள்ள நிலக்கடலையும் மிளகாயும் தென் அமெரிக்காவின் பக்கத்திலிருந்து வந்தவை. பிறந்த ஊர் எதுவாயினும், வந்த இடத்தில் குடியேறி உழைத்தவை அவை. அந்தப் பெருமையே போதும்.

அவ்வுழைப்பின் அளவு 1876ஆம் ஆண்டு பருவமழை பொய்த்தபோது தெரிந்தது. இரண்டு ஆண்டுகள் சென்னை ராஜதானியை வாட்டிய அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில், சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த வடஆற்காடு ஜில்லாவும் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. இந்தியா முழுவதும் மாண்டவர் தொகை ஐம்பது லட்சத்துக்குக் குறையாது என்பது பொதுவான மதிப்பு. 1877 ஜனவரியில் கல்கத்தா சர்க்கார் சர் ரிச்சர்ட் டெம்பிளைப் பஞ்ச அதிகாரியாக அனுப்பியது. மூன்றாண்டுக்கு முன் பீகாரில் தாராளமாகச் செலவிட்டு மக்களைக் காப்பாற்றியதற்காகக் கண்டனம் பெற்றவர் அவர். இம்முறை சிக்கனத்தைக் காட்டிப் பெயரை மீட்டுக்கொள்ள முனைந்தார் என்றே தோன்றுகிறது. நிவாரண வேலையில் மண் சுமப்பவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் மிகச் சிறிய காசும் போதும் என்று விதித்தார். ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். வேறு உணவு வாங்க அந்தக் காசு போதாது.

அப்போது சென்னையின் சுகாதாரக் கமிஷனராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை வெளிப்படையாக எதிர்த்தார். சிறைக் கைதிக்குக் கொடுப்பதைக் காட்டிலும் குறைவானதைத் தந்து ஒரு மனிதனை நாள் முழுவதும் கல்லுடைக்கச் சொல்வது மெல்லக் கொல்வதே என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும். தானியம் மட்டும் போதாது, பருப்பும் காய்கறியும் சேர வேண்டும் என்றார். மேலதிகாரியின் உத்தரவுக்கு எதிராக எண்களை அடுக்கி எழுதிய அந்த டாக்டரை நான் பெரிதும் மதிக்கிறேன். சர்க்கார் அலுவலகத்தில் குப்பை கொட்டுபவர்களுக்கு அதன் அருமை விளங்கும். சில மாதங்களில் சென்னை அரசாங்கம் கூலியின் அளவை உயர்த்தியது. அதற்குள் போன உயிர்கள் போயின.

கார்னிஷ் கேட்டது என்ன? தானியத்தோடு பருப்பும் கீரையும். பலமநேரிக் குடியானவன் ஒரே நிலத்தில் விதைத்துவந்ததும் அதுவே. அவனுக்கு அதன் காரணத்தை யாரும் சொல்லித்தரவில்லை. இன்றைய விஞ்ஞானம் சொல்லுகிறது: கேழ்வரகின் புரதத்தில் லைசின் என்னும் கூறு குறைவு, மொச்சையிலும் கொள்ளிலும் அது மிகுதி. இரண்டும் ஒரு வேளையில் சேர்ந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் இருபதில் ஒரு பங்குகூட இராது. ஆனால் கேழ்வரகில் உள்ள வேறு சில பொருள்கள் அச்சத்தை உடல் முழுவதும் ஏற்காதபடி ஓரளவு தடுக்கும். முளைகட்டி அரைத்தால் அத்தடை குறையும். குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சும் தாய்மார்கள் முளைகட்டுவது வெறும் வழக்கமன்று என்பது இதனால் விளங்கும். நீரிழிவுக்காரர்கள் கேழ்வரகை மருந்து என்று நம்பிக் கணக்கில்லாமல் கூழ் குடிப்பது மட்டும் தவறு. நைய அரைத்துக் காய்ச்சிய கூழும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

மொழிபெயர்ப்பு என் தொழிலாதலால் சொற்களைப் பற்றி ஒன்று கூறாமல் மேலே செல்ல இயலவில்லை. நீர்பாயும் நிலத்தை நாம் நன்செய் என்கிறோம். மழை நம்பிய நிலம் புன்செய். ‘நன்’ என்பது நன்மை, ‘புன்’ என்பது புன்மை. பயிர் விளையுமுன்பே தீர்ப்பு வழங்கிவிட்டது தமிழ். மத்திய சர்க்காரின் ஆங்கிலக் காகிதங்களோ கேழ்வரகு, சோளம், கம்பு எல்லாவற்றையும் ‘கரடான தானியங்கள்’ என்னும் பொருள்படும் ஒரு தொடரில் அடக்கிவந்தன. அத்தொடரைத் தமிழாக்கும்போதெல்லாம் ‘பருந்தானியம்’ என்று எழுதிவிட்டு, தாத்தா களியுருண்டையை விரலால் குழித்துக் குழம்பை நிரப்பிக்கொண்டதை நினைத்துக்கொள்வேன். 2018 ஏப்ரலில் சர்க்கார் அப்பெயரை நீக்கி, ஊட்டச்சத்துத் தானியங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. 2023 வரவுசெலவுத் திட்ட உரையில் ‘ஸ்ரீ அன்னம்’ என்ற பெயரும் சூட்டப்பெற்றது. அதே ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. ஒரு தானியத்துக்கு அமுது என்னும் மரியாதை கிடைக்க ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

பெயர் உயர்ந்த நேரத்தில் பானை இறங்கிவிட்டது என்பதே வருத்தம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே எண்ணெய் ஆலைகளின் தேவை நிலக்கடலையைப் புன்செய்களில் பரப்பிற்று. கையில் காசு தந்த பயிருக்குமுன் வயிற்றுக்கான பயிர் பின்வாங்கியது. 1983இல் ஆந்திர அரசாங்கம் கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. பட்டினியைப் போக்கிய திட்டம் அது. அதைக் குறைகூற எனக்கு வாய் வராது. கொல்லையில் கேழ்வரகு விதைத்து, அறுத்து, அடித்து, புடைத்து, திரிகையில் அரைத்துவந்த பெண்களுக்கு அரிசி எத்தகைய விடுதலை என்பதை ஆண்கள் எளிதில் உணரமாட்டார்கள். வீட்டில் அரிசிச் சோறு என்று சொல்லிக்கொள்வதில் ஒரு கௌரவமும் இருந்தது. பாதரைகள் தூர்ந்தன. ஊடுபயிராக இட்ட மொச்சைச் சாலும் பல இடங்களில் மறைந்தது. இன்று சித்தூர் நெடுஞ்சாலை உணவகங்களில் கார்களில் வருகிறவர்கள் சங்கடியைக் கேட்டு வாங்கி உண்கிறார்கள். பட்டணத்துக் கடைகளில் அதன் மாவு பளபளப்பான பைகளில், அரிசியைவிட அதிக விலைக்கு விற்கிறது. ஏழை கைவிட்டதைச் செல்வன் விலைகொடுத்து வாங்குகிறான்; விளைவித்தவன் கைக்கு அவ்விலையில் எவ்வளவு போகிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

முயற்சிகள் இல்லாமலில்லை. 2023 மார்ச்சில் ஆந்திரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் வெல்லம் சேர்த்த ராகிக் கஞ்சி வழங்கத் தொடங்கினார்கள். திருப்பதியை அடுத்த பெருமாள்ளபள்ளி ஆராய்ச்சி நிலையத்தார் உருவாக்கிய கேழ்வரகு வகை ஒன்றுக்கு ‘வகுளா’ என்று பெயர். சீனிவாசனை வளர்த்த தாய் வகுளமாலிகை. மலைமேல் மடைப்பள்ளியை இன்றும் அவள் மேற்பார்க்கிறாள் என்பது ஐதிகம். மடைப்பள்ளிக்குள் புகாத தானியத்துக்கு மடைப்பள்ளித் தாயின் பெயர் வந்து சேர்ந்தது எனக்கு மகிழ்ச்சியளித்தது.

திருமலையில் 1985இல் தொடங்கிய இலவச அன்னதானம் 2011 முதல் ஒரு பெரிய மாளிகையில் நடைபெறுகிறது. தரிகொண்ட வெங்கமாம்பா என்னும் கவியரசியின் பெயர் அதற்கு இடப்பட்டிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அவ்வம்மையார் பிறந்த தரிகொண்ட கிராமம் வாயல்பாட்டுக்கு அருகே, சங்கடி உண்ணும் மேட்டுநிலத்தில் இருக்கிறது. நான் அந்த மண்டபத்தில் பந்தியில் அமர்ந்த நாளன்று சர்க்கரைப் பொங்கலும் சோறும் சாம்பாரும் ரசமும் மோரும் பரிமாறினார்கள். பக்கத்து இலையில் இருந்த முதியவர் புங்கனூர்க்காரர். சோற்றைப் பிசைந்து, பழக்கத்தால், உருண்டையாகவே உருட்டிக்கொண்டிருந்தார்.