கல் நின்றது, கீற்று போனது

இங்கிலாந்துக் கிராமத்துப் பழைய மதுவிடுதி என்றால் ஒரே வளாகம்: முன்னால் குடி, மேலே படுக்கை, பின்னால் குதிரை லாயம். அவற்றில் பலதை இன்று பாரம்பரியச் சின்னமாகப் பட்டியலிட்டு வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக வடக்கே போகும் ஜி.என்.டி. ரோட்டில் அப்படியொன்றைத் தேடுவது வீண். வழிப்போக்கன் இல்லாமலா போனான்? இருந்தான். இங்கே கூரைதான் ரெண்டாகப் பிளந்து கிடந்தது.

ஒன்று சத்திரம். கல்தூண் வைத்த திண்ணை, முற்றம், கிணறு, வண்டிமாட்டை அவிழ்த்துக் கட்ட இடம், பெரிய சத்திரமானால் லாயம். 1830இல் சென்னை சுப்ரீம் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் ஏனுகுல வீராசாமி பல்லக்கில் காசிக்குக் கிளம்பினார். அவரது தெலுங்கு யாத்திரைக் குறிப்புகள் வழிநெடுகச் சத்திரங்களைச் சொல்லிக்கொண்டே போகின்றன. சத்திரம் புண்ணியக் கணக்கில் கட்டியது. எந்தச் சாதி எதுவரை வரலாம் என்பது பெரும்பாலும் அதன் அறைப் பிரிவிலேயே இருக்கும். குடிக்கு அங்கே இடமேது?

மற்றது கள்ளுக்கடை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் பனைக்குப் பஞ்சமில்லை. நாலு கம்பு, ஓலைக் கூரை, ஒரு தட்டி, பானைகள். அவ்வளவுதான் கட்டடக்கலை. அங்கேயும் சேரிக்காரனுக்குத் தனி மூலை ஒதுக்கிய ஊர்கள் உண்டு. கள்ளுக்கடையைச் சமத்துவபுரமாக்கிப் பாட வேண்டாம். 1886ஆம் வருஷத்து மதராஸ் அப்காரிச் சட்டத்தின் கீழ் மரத்துக்கு வரி, மரத்தின்மேல் நம்பர், கடைக்கு ஏலம். ஏலக் காலம் முடிந்தால் கடை யாருக்கோ. அவன் எதுக்குக் கல்லில் கட்டணும்? அந்தக் கீற்றை நாம் வறுமை என்று வாசிக்கிறோம். லைசென்ஸின் ஆயுளும் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் மதுவிலக்கு. 1937இல் சேலம், 1948இல் மாகாணம் முழுக்க. 1971இல் திறந்தார்கள், 1974இல் மூடினார்கள், 1981இல் மறுபடி திறந்தார்கள். 1987இல் கள் போனது போனதுதான். 2003இலிருந்து டாஸ்மாக்கே சில்லறைக் கடையும் நடத்துகிறது. சிப்காட் ஷிப்டு முடிந்து வருகிறவன் கம்பி வலைக்குள் கையை நீட்டி வாங்குகிறான்.

பழைய சத்திரங்களைக் காப்பாற்று என்கிறார்கள் பாரம்பரிய ஆர்வலர்கள். காப்பாற்றட்டும். ஆனால் கல்லை மட்டுமே சாட்சியாக எடுத்துக்கொண்டால் கட்டியவனின் புண்ணியம் மிஞ்சும்; நாளெல்லாம் உழைத்துவிட்டு வந்து குந்தினவன் ஏலக் கணக்கில் ஒரு தொகையாகத்தான் மிஞ்சுவான். கள்ளுக்கடை இருந்த இடத்துக்குப் பனைமரம்தான் அடையாளம். அதையும் செங்கல் சூளைக்கு வெட்டிக் கொடுத்துவிட்ட ஊர்களில் கைகாட்ட வெறும் மணல்தான் இருக்கிறது.