கருப்பை இறக்கமும் பெசரி வளையமும்: செங்கல்பட்டு முதல் படப்பை வரை

ஆய்வுச் சுருக்கம்

கருப்பை இறக்கத்திற்கு அறுவையின்றி நிவாரணம் தரும் பெசரி வளையத்தின் வரலாற்றைப் பழைய செங்கல்பட்டு மாவட்டப் பெண்களின் அனுபவத்தோடு இணைத்து இக்கட்டுரை நோக்குகிறது. உறுப்பைத் தாங்கும் கருவியாக மட்டுமே வளையம் மதிப்பிடப்பட்டதால் பெண்ணின் பாலியல் நலம் மருத்துவ உரையாடலுக்கு வெளியே நின்றது என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: கருப்பை இறக்கம், பெசரி, பாலியல் நலம், பேறுகாலம், பெண் உழைப்பு, படப்பை

முன்னுரை

இடுப்புத் தளத் தசைகளும் இணைப்பிழைகளும் தளரும்போது கருப்பையும் சிறுநீர்ப்பையும் மலக்குடலும் யோனிக்குள் சரிகின்றன. முற்றிய நிலையில் வெளியே பிதுங்குகின்றன. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாமையால் இது மருத்துவ வரலாற்றில் பெரிதாகப் பேசப்படவில்லை. ‘கர்ப்பப்பை இறங்கிவிட்டது’ என்று பெண்கள் தமக்குள் மட்டும் சொல்லிக்கொண்ட நோய் இது.

பண்டைய முறைகளும் வளையத்தின் வருகையும்

சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரம் இறங்கிய யோனிக்கு நெய் பூசி, பாலால் ஒற்றடமிட்டு, உறுப்பை உள்ளே செலுத்திக் கட்டுப்போடும் முறையைக் கூறுகிறது. கிரேக்க மருத்துவ மரபில் பாதியாக வெட்டிய மாதுளம் பழம் தாங்கியாகப் பயன்பட்டது. இம்முறைகள் இறங்கிய உறுப்பை வெட்டியெறிய முனையவில்லை. தாங்கிப் பிடிக்கவே முயன்றன. 19ஆம் நூற்றாண்டில் இறுக்கிய இரப்பர் வந்த பின்னரே உடலில் நெடுநாள் தங்கக்கூடிய பெசரி பரவலாயிற்று. ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஹியூ லெனாக்ஸ் ஹாட்ஜ் வடிவமைத்த நெம்புகோல் பெசரி இக்காலத்தது. இன்றைய வளையங்கள் பெரும்பாலும் சிலிக்கோனால் ஆனவை.

தமிழ்ச் சூழலில் மேலைப் பேறுகால மருத்துவம் நூல்வழியும் வந்தது. யாழ்ப்பாணம் மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1857இல் ‘பிரசவ வைத்தியம்’ நூலைத் தமிழில் கொணர்ந்தார். சென்னையில் 1844இல் தொடங்கிய பேறுகால மருத்துவமனை பின்னர் எழும்பூருக்கு மாறியது. எனினும் ஆண் மருத்துவர் தொட்டுச் சோதிப்பதை ஏற்காத குடும்பங்கள் பல இருந்தன. மேரி ஷார்லீப் 1885இல் கோஷா பெண்களுக்கெனத் தனி மருத்துவமனை தொடங்கியது இதனாலேயே. பெசரி மருத்துவத்திற்கு இவ்வரலாறு நேரடியாகப் பொருந்தும். வளையத்தைப் பொருத்த அளவு பார்க்க வேண்டும். பல மாதங்களுக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி மீண்டும் வைக்க வேண்டும். ஒரு முறை மயக்க மருந்து தந்து முடிக்கும் அறுவையைப் போலன்றி, இது தொடர்ந்த தொடுகையைக் கோரும் மருத்துவம். சோதனைக்கே தயங்கிய சமூகத்தில் அது வேரூன்றாமல் போனதில் வியப்பில்லை.

அறுவை பெற்ற முதன்மை

20ஆம் நூற்றாண்டில் இந்திய மகப்பேற்று மருத்துவம் இந்நோய்க்கு உலகறிந்த பங்களிப்பைத் தந்தது. பம்பாயில் ஷிரோத்கரும் புரந்தரேயும் கருப்பையை அகற்றாமல் மேலே தூக்கி நிறுத்தும் அறுவைகளை வகுத்தனர். இளம் வயதிலேயே கருப்பை இறங்கிய, மேலும் குழந்தை பெற விரும்பிய பெண்கள் இங்கு மிகுதி என்பதே அதற்குக் காரணம். இவ்வறுவைகளைச் செய்யவல்ல கைகள் பெருநகரங்களில் இருந்தன. சிற்றூர்ப் பெண்ணுக்கு எஞ்சியவை இரண்டே: பொறுத்துக்கொள்வது அல்லது கருப்பையை எடுத்துவிடுவது. இடைப்பட்ட வழியான பெசரி, அறுவைக்குத் தகுதியற்ற மூதாட்டியருக்கானது என்ற எண்ணமும் உறுதிப்பட்டது. இவ்வெண்ணம் பிழையானது.

செங்கல்பட்டுச் சான்று

1989இல் ராணி பங், அபய் பங் குழுவினர் மகாராட்டிரத்தின் கட்சிரோலியில் இரு சிற்றூர்களின் 650 பெண்களை ஆய்ந்து ‘லான்செட்’ இதழில் எழுதினர். 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் அல்லது பால்வினை நோய் இருந்தது. முன்பு மகளிர் நோய்ச் சோதனைக்கு உட்பட்டவர்கள் 8 விழுக்காட்டினரே. தமிழகத்தில் இந்த மௌனத்தை உடைத்தது ருவ்செக் எனப்படும் ஊரகப் பெண்கள் சமூகக் கல்வி மையம். 1981இல் தி.க. சுந்தரி இரவீந்திரனும் உள்ளூர்த் தலித் பெண்கள் பன்னிருவரும் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய அமைப்பு இது. இரவீந்திரன், சாவித்திரி, பவானி ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வு, கருப்பை இறங்கிய பெண்களின் சொற்களையே ஆவணமாக்கியது.

அவ்வாய்வு காட்டும் பெண்கள் மூதாட்டியர் அல்லர். பலருக்கு இளமையில், மகப்பேற்றையொட்டி நோய் தொடங்கியிருந்தது. ஓய்வின்றி வயலுக்கும் சுமை தூக்கவும் திரும்பியவர்கள் அவர்கள். தாய்வீட்டுப் பேறுகால ஓய்வு என நாம் பொதுமைப்படுத்திப் பேசும் வழக்கம் கூலியை நம்பிய குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்ததை இது புலப்படுத்துகிறது. நோயோடு பல்லாண்டுகள் வாழ்ந்தவர்களின் மணவுறவும் அதனால் பாதிக்கப்பட்டது. உடலுறவு வலியாகவும் அச்சமாகவும் மாறியதைப் பெண்களே பேசியது இவ்வாய்வின் தனிச்சிறப்பு. மருத்துவமனைப் பதிவேட்டில் இதற்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது.

வளையமும் பாலியல் நலமும்

பெசரியைப் பற்றிய தயக்கங்களில் முதன்மையானது இதுவே: வளையம் இருந்தால் மணவுறவு முடிந்துவிடுமா? வளைய வடிவப் பெசரியை வைத்தபடியே உடலுறவு கொள்ளலாம். விரும்பினால் பெண்ணே முன்னதாக எடுத்துவிடலாம். தண்டுடைய கெல்ஹார்ன் வகையை அகற்ற வேண்டியிருக்கும். மாதவிடாய் நின்ற பின் ஏற்படும் வறட்சிக்கும் புண்ணுக்கும் யோனியில் தடவும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு உதவும். கவனிக்காமல் ஆண்டுக்கணக்கில் விடப்பட்ட வளையம் திசுவில் புதைந்து தீங்கு செய்யும் என்பதும் உண்மை. ஆகவே எடுத்து வைக்கும் திறன் யாரிடம் உள்ளது என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. 2023இல் வெளியான பிரித்தானிய டாப்சி ஆய்வு 21 மையங்களில் 340 பெண்களைப் பின்தொடர்ந்தது. வளையத்தைத் தாமே பேணியவர்களின் வாழ்க்கைத் தரம் மருத்துவமனைப் பராமரிப்பினருக்குக் குறைந்ததாக இல்லை. சிக்கல்கள் அவர்களிடம் குறைவாகவே இருந்தன. தன் உடலைத் தானே தொட்டறிதல் நாணத்திற்குரியதாகக் கற்பிக்கப்பட்ட இடத்தில் இது மருத்துவச் செய்தி மட்டுமன்று.

படப்பையும் புதிய உழைப்பும்

படப்பை, வண்டலூர்–வாலாசாபாத் சாலையில், ஒரகடத்திற்குக் கிழக்கே உள்ளது. ருவ்செக் தொடங்கிய காலத்தில் அதுவும் அதே செங்கல்பட்டு மாவட்டம்; 2019இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது படப்பை காஞ்சிபுரம் மாவட்டத்தில் நின்றது. 1990களின் இறுதியிலிருந்து திருப்பெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் வளர்ந்த ஆலைகள் வேளாண் கூலியை மாற்றியமைத்தன. வயலில் குனிந்தவளின் மகள் இன்று இணைப்பு வரிசையில் நிற்கலாம், கட்டடத்தில் சுமக்கலாம்.

சட்டம் இம்மாற்றத்தை ஓரளவே பின்தொடர்ந்தது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்று நலச் சட்டம் பேற்றுக்குப் பின் ஆறு வாரம் வேலைவாங்குவதைத் தடுத்தது; 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதலிரு பேறுகளுக்கு ஊதிய விடுப்பை 26 வாரமாக்கியது. கடும் வேலையிலிருந்து விலக்குக் கோரும் உரிமையைப் பேற்றுக்கு முந்திய காலத்திற்கே சட்டம் அளித்தது. விடுப்பு முடிந்து திரும்பும் உடலுக்கு அது அவ்விலக்கை அளிக்கவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தூக்கும் சுமையின் உச்ச அளவை வயதுவந்த ஆண், வயதுவந்த பெண், வளரிளம் பருவத்தினர், குழந்தை என்ற வகைப்படி விதிக்க மாநில அரசுகளுக்கு அதிகாரம் தந்தது. அப்பட்டியலில் அண்மையில் மகப்பேறு கண்ட பெண்ணும் இருபதாண்டுகளுக்கு முன் பெற்றவளும் ஒரே ‘வயதுவந்த பெண்’.