ஒட்டகச்சிவிங்கிப் படங்கள்

அக்காவின் பழைய ஹார்ட் டிஸ்கில் ஒரு படம் இருக்கிறது. அகலத்தைப் போல நான்கு மடங்கு உயரம். மேலே ஒரு கப்கேக். அதற்குக் கீழே மாவு கலக்கும் கிண்ணம். நடுவில் சாய்ந்த எழுத்தில் ஆங்கிலத் தலைப்பு. அடியில் அதே கப்கேக், இந்த முறை ஒரு கடி கடித்தபடி. 2013இல் செய்தது. இன்று பார்க்கிறவர்களுக்கு ஏதோ ஸ்க்ரீன்ஷாட் எடுக்கத் தெரியாமல் எடுத்தது போலத் தோன்றும். ஆனால் அந்த வருடங்களில் வலைப்பூ எழுதிச் சம்பாதித்தவர்கள் பலர், குறிப்பாக அமெரிக்கப் பெண்கள், ராத்திரி குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு இப்படிப்பட்ட படங்களைத்தான் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு அதற்கு ஒரு செல்லப்பேரும் வந்தது: ஒட்டகச்சிவிங்கி.

அக்கா என்பது என் பெரியம்மா மகள். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு ஆங்கிலத்தில் சமையல் வலைப்பூ எழுதினாள். நான் அப்போது தமிழில் கதை, சினிமா விமர்சனம் என்று எழுதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னூட்டம் வரும், அவளுக்குக் காசோலை வரும். இந்த வித்தியாசம் ஏன் வந்தது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். அந்த யோசனையில் பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

வலைப்பூவில் காசு பார்த்த முதல் தலைமுறைக்குப் படம் பெரிய விஷயமே இல்லை. எழுத்துதான். லாஸ் ஏஞ்சலஸில் ஹெதர் ஆம்ஸ்ட்ராங் என்றொருவர் 2001இல் 'டூஸ்' என்ற தளத்தைத் தொடங்கினார். அலுவலகத்தைப் பற்றி அதில் எழுதியதால் 2002இல் வேலை போனது. 2004இல் தளத்தில் விளம்பரம் போட்டார். சொந்தக் கதையைச் சொல்லிக் காசு வாங்குவதா என்று வாசகர்களில் ஒரு பகுதி கொதித்தது. அடுத்த வருடம் அந்த விளம்பரத்தை நம்பி அவர் கணவரும் வேலையை விட்டார். பிரசவத்துக்குப் பிந்தைய மன அழுத்தம், மலச்சிக்கல், மார்மன் மதத்தை விட்டு வெளியே வந்தது என்று எதையும் ஒளிக்காமல் எழுதுவார், சிரிப்பு வரும்படி எழுதுவார். வாசகர்கள் தினமும் காலையில் தாங்களாகவே வந்தார்கள். புக்மார்க் வைத்திருந்தார்கள், அல்லது கூகுள் ரீடரில் சந்தா போட்டிருந்தார்கள். யாரும் அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வரவேண்டியிருக்கவில்லை. வந்த ஒவ்வொரு தலைக்கும் பேனர் விளம்பரத்தில் இத்தனை சென்ட் என்று கணக்கு.

அந்தக் கணக்கை மாற்றியது ஒரு சுவர்.

பென் சில்பர்மன் அயோவா மாநிலம் டி மாய்ன் நகரத்துப் பையன். அப்பா அம்மா இருவரும் கண் மருத்துவர்கள். சிறுவயதில் பூச்சிகளைப் பிடித்துக் குத்திவைத்துச் சேகரிப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. கூகுளில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வெளியே வந்து, 'டோட்' என்ற ஷாப்பிங் செயலி ஒன்றை நண்பர் பால் சியாராவோடு செய்து பார்த்தார், ஓடவில்லை. பிறகு இவான் ஷார்ப்பும் சேர, 2010 மார்ச்சில் பின்டரெஸ்ட் வந்தது. ஷார்ப் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படித்தவர். படம் சேகரிக்கும் பழக்கம் உள்ளவர். சிலிக்கான் பள்ளத்தாக்கில் இதை யாரும் சீந்தவில்லை. ஒன்பது மாதம் கழித்தும் பத்தாயிரம் பேரைத் தொடவில்லை. முதலில் வந்து ஒட்டிக்கொண்டவர்கள் அயோவா, யூட்டா மாதிரி இடங்களிலிருந்த பெண்கள்: வீட்டை அலங்கரிப்பவர்கள், கல்யாணத்துக்கு யோசனை தேடுபவர்கள், இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்யலாம் என்று குழம்பியவர்கள். 2010 மே மாதம் வடிவமைப்புப் பதிவர்கள் சிலர் சங்கிலித் தொடராக ஒருவர் இன்னொருவரை அழைத்து, வீடு என்றால் எனக்கு என்ன என்று ஆளுக்கொரு பலகை செய்து காட்டினார்கள். அதுதான் அந்தத் தளத்துக்கு உண்மையான திறப்பு விழா என்று நினைக்கிறேன். தொழில்நுட்பப் பத்திரிகைகள் திரும்பிப் பார்ப்பதற்கு இன்னும் ஒன்றரை வருடம் ஆனது. 2012 ஜனவரியில் அமெரிக்காவில் மட்டும் மாதம் ஒரு கோடிப் பேர் வருவதாகக் கணக்கு வெளியானபோது எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

இப்போது அந்தச் சுவரைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். எல்லாப் படத்துக்கும் ஒரே அகலம், உயரம் மட்டும் அதனதன் இஷ்டம். பஸ்ஸில் மூன்று பேர் சீட் மாதிரி: அகலத்தில் யாரும் நகர முடியாது, ஆனால் உயரமானவன் தலை எல்லோருக்கும் தெரியும். நீளமான படம் போட்டால் சுவரில் அதிக இடம் உங்களுக்கு. அந்த இடத்துக்கு வாடகையும் கிடையாது. கட்டம் போட்டவர்கள் அழகுக்காகப் போட்டார்கள். பார்த்தவர்களுக்கு அதில் காசு தெரிந்தது. ஒட்டகச்சிவிங்கிகள் பிறந்தது இப்படித்தான்.

இரண்டாவது விஷயம் இன்னும் முக்கியம். நீங்கள் ஒரு படத்தைக் குத்திவைத்தால் அது எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கத்தின் முகவரியும் கூடவே ஒட்டிக்கொண்டு வரும். ஊர் பேர் தெரியாத ஒருவர் அதை எடுத்துத் தன் பலகையில் வைத்தாலும் முகவரி போகாது. அதே 2010இல், அக்டோபரில், இன்ஸ்டாகிராம் வந்தது. அங்கே படத்துக்குக் கீழே சுட்டி கொடுத்தால் அது வெறும் எழுத்து, அழுத்தினால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் இன்றுவரை 'சுட்டி பயோவில்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். இன்ஸ்டாவில் படம்தான் சரக்கு. பின்டரெஸ்டில் படம் கடையின் கதவு. வலைப்பூக்காரருக்கு விளம்பரம் இருப்பது கடைக்குள்ளே, ஆகவே அவருக்குக் கதவுதான் வேண்டும்.

அந்தக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதை ஊருக்கே காட்டியவர்கள் மினசோட்டாவைச் சேர்ந்த லிண்ட்சே, பியோர்க் ஆஸ்ட்ரம் தம்பதி. 'பிஞ்ச் ஆஃப் யம்' அவர்கள் தளம். லிண்ட்சே நான்காம் வகுப்பு ஆசிரியை. 2010இல் பொழுதுபோக்காக ஆரம்பித்தார். அடுத்த வருடம் பியோர்க் ஒரு சோதனை செய்தார்: சமையல் வலைப்பூவில் சம்பாதிக்க முடியுமா என்று பார்த்து, ஒவ்வொரு மாதமும் வரவு செலவை அப்படியே பதிப்பித்தார். முதல் மாதம், 2011 ஆகஸ்ட், 21 டாலர் 97 சென்ட். விளம்பரத்தில் எவ்வளவு, எந்தத் தளத்திலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், சர்வருக்கு எவ்வளவு செலவு, எல்லாம் இருக்கும். 2016 முடியும்வரை இதைத் தொடர்ந்தார்கள். அப்போது அது முழுநேரத் தொழிலாகி, ஆள் வைத்து நடத்தும் அளவுக்கு வளர்ந்திருந்தது. தேடுபொறிக்கு இணையாக அவர்களுக்கு ஆள் கூட்டிவந்தது பின்டரெஸ்ட். நடுவில் ஒரு வருடம் பிலிப்பைன்ஸின் செபு நகரில் குழந்தைகள் இல்லமொன்றில் வேலை செய்யப் போனார்கள், அங்கிருந்தும் வலைப்பூ ஓடியது. வரவு செலவை வெளியிட்டதில் ஒரு வெகுளித்தனம் இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அதைப் பார்த்து எழுந்த கூட்டம் இருக்கிறதே, அது வேறு. 'முதல் மாதமே இத்தனை டாலர் சம்பாதித்தது எப்படி' என்று வலைப்பூ, அந்த வலைப்பூவுக்கு ஆள் பிடிக்க நீளப் படம், உள்ளே போனால் இதே மாதிரி வலைப்பூ ஆரம்பிக்கக் கற்றுத்தரும் வகுப்பு. சோறே இல்லாத ஓட்டலில் ஓட்டல் நடத்துவது எப்படி என்று பாடம் நடந்தது.

அக்கா இந்த அறிக்கைகளை மாதாமாதம் பிரிண்ட் எடுத்துப் படிப்பாள். லிண்ட்சே உணவுப் படம் எடுப்பதைப் பற்றி ஒரு மின்நூல் விற்றார், அதையும் வாங்கினாள். மாடிப்படிக்குப் பக்கத்து ஜன்னல்தான் அவள் ஸ்டூடியோ. காலை பத்து மணி வெளிச்சம், எதிர்ப்பக்கம் நிழல் விழாமல் இருக்க வெள்ளைத் தெர்மகோல், அடியில் பழைய கதவுப் பலகை. மாமா குளித்துவிட்டுச் சாப்பிட வந்தால், "இருங்க, இன்னும் எடுக்கல" என்பாள். ஆறிப்போன பிறகுதான் அந்த வீட்டில் சாப்பாடு.

"வத்தக்குழம்பு எப்படி எடுத்தாலும் சேறு மாதிரி இருக்குடா," என்றாள் ஒரு நாள். "மேல கொத்தமல்லி தூவுனா?" என்றேன். "வத்தக்குழம்புக்கு யாருடா கொத்தமல்லி போடுவா?"

சிரித்தோம். ஆனால் அந்த வருடத்தோடு அவள் பக்கத்தில் குழம்பு குறைந்தது. பழுப்பாக இருப்பது எதுவும் சுவரில் எடுபடவில்லை. கப்கேக் வந்தது, ரெட் வெல்வெட் வந்தது, கண்ணாடி ஜாடியில் அடுக்கடுக்காக எதையோ ஊற்றினாள். நாக்குக்கு எது ருசி என்பதைக் கண் முடிவு செய்தது. அதுவும் எங்கோ ஓஹையோவில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் கண். அவர் அழுத்தினால் விளம்பரத்துக்குக் கிடைக்கும் காசு, கோவைக்காரர் அழுத்தினால் கிடைப்பதைவிடப் பல மடங்கு.

சமையல் பக்கங்களில் குறிப்புக்கு முன்னால் நீண்ட கதை ஏன் என்று எல்லோரும் கிண்டல் செய்கிறோம். அந்தக் கேலியில் கொஞ்சம் அநியாயம் இருக்கிறது. பத்திகளுக்கு நடுவில்தான் விளம்பரம் போட முடியும், நீளமான பக்கத்தில் அதிக விளம்பரம். தேடுபொறிக்கும் எழுத்து வேண்டும். இன்னொன்றும் உண்டு. அமெரிக்கச் சட்டப்படி வெறும் பொருள் பட்டியலுக்குக் காப்புரிமை கிடையாது. எழுதியவருக்குச் சொந்தம் என்று சட்டம் ஒப்புக்கொள்வது அந்தக் கதையும் அந்தப் படமும்தான். நாம் தள்ளிவிட்டுப் போகிற பகுதிதான் அவருடையது.

படமும் முழுக்க அவருடையதாக இருந்ததா என்றால், அதுவும் சந்தேகம். 2012 பிப்ரவரியில் வழக்கறிஞரும் புகைப்படக்காரருமான ஒரு பெண், அடுத்தவர் படங்களைக் குத்திவைத்தது சட்டப்படி தன் தலைமேல் விழும் என்று விதிமுறைகளைப் படித்துத் தெரிந்துகொண்டு, அழுதபடி தன் பலகைகளை அழித்ததாக எழுதினார். பெரிய சலசலப்பு. தளம் அதே மாதம் 'குத்தாதே' என்று சொல்லும் ஒரு வரிக் குறியீட்டைக் கொடுத்தது, விரும்பாதவர்கள் தங்கள் பக்கத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளலாம். வலைப்பூக்காரர்கள் சேர்க்கவில்லை. திருட்டையும் விளம்பரத்தையும் பிரிக்கும் கோடு அங்கே அழிந்துபோயிருந்தது. தன் படத்தை யாராவது எடுத்துப் போகமாட்டார்களா என்று வேண்டிக்கொள்பவர் எப்படிப் பூட்டுப் போடுவார்?

2013 ஜூலை 1ஆம் தேதி கூகுள் ரீடர் மூடப்பட்டது. என் மாதிரி எழுத்துக்காரர்களுக்கு அது துக்கநாள். தானாக வரும் வாசகர் என்ற இனம் மெல்ல இல்லாமல் போனது. அக்கா அன்றைக்கு அதைக் கவனிக்கவே இல்லை.

அவள் கவனித்தது அடுத்த வருடம். 2014இல் பின்டரெஸ்ட், நேர வரிசையை விட்டுவிட்டு எதை யாருக்குக் காட்டுவது என்று தானே தீர்மானிக்கத் தொடங்கியது. 2015 தொடக்கத்தில் காசு கொடுத்துப் படத்தை முன்னால் நிறுத்தும் வசதி அமெரிக்க விளம்பரதாரர்கள் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே, படத்தோடு விற்பனைக் கமிஷன் சுட்டி வைப்பதைத் தடை செய்தார்கள். 2016 மே மாதம் திரும்ப அனுமதித்தார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஒருவருடைய வருமானத்தில் ஒரு கால் உடையும், ஒரு வருடம் கழித்து அதே இடத்தில் கட்டை கட்டிக் கொடுப்பார்கள். படங்களைத் தானாகச் சுற்றவிடும் 'போர்டுபூஸ்டர்' என்ற சேவையைப் பலர் நம்பியிருந்தார்கள். 2018 ஜூனில் அது மூடப்பட்டது. ஒட்டகச்சிவிங்கிகளின் கழுத்தும் அந்தச் சமயத்தில்தான் போனது. ஓர் அளவுக்கு மேல் நீளமான படத்தைச் சுவரில் வெட்டிவிடுவோம், இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் போடுங்கள் என்றார்கள். பதிவர்கள் தங்கள் நூற்றுக்கணக்கான பழைய படங்களை மறுபடி உட்கார்ந்து செய்தார்கள். கடைசியாக, 2020இலும் 2021இலும் தளம் முன்னிறுத்திய புதுவகைப் பதிவுகளில் சுட்டியே கிடையாது. கதவு ஓவியமாகிவிட்டது. சுட்டி திரும்பி வர 2023 ஆனது.

2019 ஏப்ரலில் பின்டரெஸ்ட் பங்குச் சந்தைக்கு வந்தது, ஒரு பங்கு 19 டாலர். சுவரை நிரப்பியவர்கள் அதை மற்றவர்களைப் போல டிவியில் பார்த்தார்கள். டூஸ் எழுதிய ஹெதர் ஆம்ஸ்ட்ராங் 2015இலேயே, ஸ்பான்சர்களுக்காகப் பிள்ளைகளோடு நடிக்க வேண்டியிருப்பது தாங்கவில்லை என்று தினசரி எழுதுவதிலிருந்து விலகினார். 2023 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். அதற்கு வலைப்பூவைக் காரணமாக்குவது அயோக்கியத்தனம், அவர் நோயோடு வாழ்ந்த காலம் அதைவிட நீளம். ஆனால் அவர் எழுத வந்தபோது இருந்த தொழில் அவர் விலகும்போது இல்லை என்பது நிஜம்.

நம்ம கதைக்கு வருகிறேன். தமிழ்மணம் திரட்டி 2004இல் வந்தது. எழுத ஆளும் இருந்தது, படிக்க ஆளும் இருந்தது, சண்டை போட அதைவிட அதிக ஆள் இருந்தது. காசு மட்டும் இல்லை. கூகுளின் ஆட்சென்ஸ் தமிழ்ப் பக்கங்களை ஏற்றுக்கொண்டது 2018 பிப்ரவரியில்தான். அதற்குள் பதிவர்கள் ஃபேஸ்புக்குக்குக் குடிபோய்ப் பல வருடம் ஆகியிருந்தது. எனக்கு வந்த பின்னூட்டமும் அக்காவுக்கு வந்த காசோலையும், திறமையைப் பற்றியது அல்ல. அவள் ஆங்கிலத்தில் எழுதியதற்குக் காரணம் மோகமும் இல்லை. "தமிழ்ல எழுதினா கூகுள்காரனுக்குப் புரியாதாம்டா" என்று அவள் சொன்னதை அன்று நான் கேலி செய்தேன். அவள் சொன்னது அட்சரசுத்தமாக உண்மை.

முதல் பத்து டாலர் சேர்ந்ததும் முகவரியைச் சரிபார்க்க அந்த நிறுவனம் தபாலில் ஒரு பின் நம்பர் அனுப்பும். அந்தக் கடிதத்தை அவள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். மூன்று வருடக் காசில் ஒரு கேமராவும் பையனுக்கு ஒரு வருட ஸ்கூல் ஃபீஸும் ஆனது. அதற்குப் பிறகு வருவது குறைந்து, டொமைனுக்குக் கட்டும் பணம்கூடத் தேறவில்லை. 2020இல் புதுப்பிக்காமல் விட்டுவிட்டாள்.

போன மாதம் வீட்டுக்குப் போயிருந்தபோது, "அந்தப் படமெல்லாம் இன்னும் இருக்குமாடா?" என்று கேட்டாள். போனில் தேடினேன். கப்கேக் கிடைத்தது. கழுத்து வெட்டப்பட்டு, பாதிக் கிண்ணத்தோடு. கீழே யாரோ, முகம் தெரியாத ஒரு பெண், போன வாரம்தான் தன் பலகையில் எடுத்து வைத்திருந்தார். அக்கா என் கையிலிருந்து போனை வாங்கிப் படத்தை அழுத்தினாள். அவள் பழைய முகவரியில் இப்போது யாரோ ஆன்லைன் ரம்மி நடத்துகிறார்கள்.

"சரி விடு," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள். "வத்தக்குழம்பு வெச்சிருக்கேன், சூடா இருக்கு. வா."