ஆணையிடுவோர் கற்க வேண்டிய கல்வி

திருகோணமலைத் துறைமுகம் கப்பல்களுக்குப் பாதுகாப்பான புகலிடம் என்பது உலகறிந்த செய்தி. தலைவர்களின் தகைமையைத் தேர்ந்து காட்டும் உரைகல்லாகவும் அத்துறைமுகம் பலமுறை அமைந்தது என்பது அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. 1782 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சுஃப்ரன் திருகோணமலைக் கோட்டையைக் கைப்பற்றினார். செப்டெம்பர் 3 ஆம் நாள் ஹியூஸ் என்பாரின் தலைமையில் ஆங்கிலேயக் கடற்படை அங்கு வந்து தோன்றிற்று. சுஃப்ரன் வீரத்தில் எவருக்கும் பின்னிடாதவர். ஆயினும் போர் மூண்டபொழுது அவருடைய கப்பலும் அதன் அருகே நின்ற இரண்டொரு கப்பல்களுமே தனித்து நின்று அடிபட்டன. ஏனைய கப்பல்களின் தலைவர்கள் உரிய வேளையில் உரிய இடத்தில் வந்து சேரவில்லை.

அத்தலைவர்கள் கடமை தவறினர் என்பர் வரலாற்றாசிரியர் ஒரு சாரார். தம் உள்ளத்திலிருந்த திட்டத்தைச் சுஃப்ரன் அவர்களுக்கு முன்னரே விளங்க உரைக்கவில்லை என்பர் மற்றொரு சாரார். எவ்வாறாயினும், ஆணையிடுதல் வேறு, தலைமை தாங்குதல் வேறு என்னும் உண்மையை அன்றைய போர் நன்கு புலப்படுத்திற்று.

அப்போர் நிகழ்ந்து சரியாக 84 ஆண்டுகளின் பின், 1866 ஆம் ஆண்டு அதே செப்டெம்பர் 3 ஆம் நாள், இலங்கையில் வேறொரு வகைத் தலைமை தோற்றம் பெற்றது. 1865 ஆம் ஆண்டின் பொலிஸ் கட்டளைச் சட்டத்தை அடுத்து, வில்லியம் ரொபேட் காம்பெல் என்பவர் இலங்கைப் பொலிஸின் தலைவராக அன்று பதவியேற்றார். பம்பாய் மாகாணத்தில் இரத்தினகிரிப் பகுதியில் ஆயுதந் தாங்கிய பிரிவொன்றை நடத்திய அநுபவம் அவருக்கு உண்டு. மறு ஆண்டில் அவருடைய பதவி பொலிஸ் மா அதிபர் எனப் பெயர் பெற்றது. அப்பதவிப் பெயர் இன்றளவும் நிலவுகின்றது.

அக்காலத்தில் பிரித்தானியர் கைவசம் இருவகைப் பொலிஸ் முறைகள் இருந்தன. ஒன்று, 1829 இல் லண்டன் மாநகருக்கென ரொபேட் பீல் அமைத்த முறை. அதன்படி பொலிஸ்காரன் பெரும்பாலும் துப்பாக்கியின்றித் தெருவில் நடமாடும் ஒரு குடிமகன். மக்களின் இணக்கமே அவனுக்கு வலிமை. மற்றையது அயர்லாந்தில் வழங்கிய முறை. அங்கே பொலிஸார் படைவீரரைப் போல அணிவகுத்தனர், துப்பாக்கி ஏந்தினர், மக்களிடமிருந்து விலகிப் பாளையங்களில் வாழ்ந்தனர். குடியேற்ற நாடுகளை ஆள்வோருக்கு இவ்விரண்டாவது முறையே பெரிதும் உவப்பாயிற்று. 1907 ஆம் ஆண்டு முதல் குடியேற்ற நாடுகளுக்குச் செல்லும் பொலிஸ் அதிகாரிகள் டப்ளின் நகரில் பீனிக்ஸ் பூங்காவிலிருந்த அயர்லாந்துப் பொலிஸ் நிலையத்தில் பயிற்சி பெறலாயினர். அணிநடை, ஆயுதம், கட்டளைக்குப் பணிதல் ஆகியவற்றை அங்கே செவ்வனே கற்றனர். தாம் காக்கப் புகும் மக்களின் மொழியும் வழக்கமும் அப்பயிற்சியில் உரிய இடம் பெறவில்லை.

இப்பரம்பரையின் முழு வடிவமாக விளங்கியவர் சேர் ஹேர்பேட் டௌபிகின். 1901 இல் இலங்கைப் பொலிஸில் சேர்ந்த அவர், 1913 முதல் 1937 வரை 24 ஆண்டுகள் பொலிஸ் மா அதிபராக இருந்தார். ஒழுங்கிலும் பயிற்சியிலும் அவர் காட்டிய ஊக்கம் பிற நாடுகளிலும் பேசப்பட்டது. 1929 இல் பலஸ்தீனத்தில் கலகம் நிகழ்ந்தபின், அந்நாட்டுப் பொலிஸைச் சீரமைக்க ஆலோசனை கூறுவதற்கு 1930 இல் அழைக்கப்பட்டவர் அவரே.

எனினும் அவர் பதவியேற்ற சில ஆண்டுகளுள் பெருஞ்சோதனை ஒன்று வந்துற்றது. 1915 ஆம் ஆண்டு மே மாதம் 28 ஆம் நாள் இரவு, கண்டி நகரில் வெசாக் ஊர்வலம் ஒன்றையொட்டிச் சிங்களருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே கலகம் மூண்டது. தொடக்கத்திலேயே அடக்கப்படாத அத்தீ சில நாட்களுள் பல மாவட்டங்களுக்குப் பரவிற்று. யூன் 2 ஆம் நாள் இராணுவச் சட்டம் பிரகடனஞ் செய்யப்பட்டது. முதலிரவில் வேண்டியிருந்த நிதானம் காட்டப்படவில்லை. பின்னாளில் வேண்டாத கடுமை அளவின்றிக் காட்டப்பட்டது. விசாரணையின்றிச் சிலர் சுடப்பட்டனர். தலைவர்கள் பலர் சிறையில் வைக்கப்பட்டனர். ஹென்றி பேதிரிஸ் என்னும் இளைஞர் இராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி யூலை 7 ஆம் நாள் கொல்லப்பட்டார்.

அவ்வேளையில் சட்டநிரூபண சபையில் எழுந்து நின்று அதிகாரிகளின் செயலைத் துணிவுடன் கண்டித்தவர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். உலகப் போர்க் காலத்துக் கடல் இடரையும் பொருட்படுத்தாது இங்கிலாந்து சென்று நீதி வேண்டி வாதாடினார். கலகத்தையும் இராணுவச் சட்டத்தையும் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1916 இல் வெளிவந்தது. சிங்கள மக்களின் பொருட்டுத் தமிழர் ஒருவர் ஆற்றிய அத்தொண்டு இலங்கை வரலாற்றில் என்றும் நிலைத்திருப்பது. பொலிஸ் தலைமை பற்றிச் சிந்திப்போர் அதில் மற்றொரு பாடத்தையும் காணலாம். பணியாளரைத் திறம்பட அணிவகுக்கச் செய்யும் அதிகாரி, கலவர வேளையில் அவர்களைக் கட்டுக்குள் வைத்திருப்பார் என்பதற்கு அந்த அணிவகுப்பு மாத்திரம் உறுதி ஆகாது.

1947 இல் சேர் றிச்சட் அலுவிகார இலங்கையரான முதலாவது பொலிஸ் மா அதிபரானார். சிவில் சேவையிலிருந்து வந்த அவர், பொலிஸ் என்பது அடக்கும் படையன்று, மக்களுக்கான சேவை என்னும் நோக்கை வளர்க்க முயன்றார். 1955 இல் அப்பதவியை அடைந்த ஒஸ்மண்ட் டி சில்வா பொலிஸ் சேவையினுள்ளிருந்தே உயர்ந்தவர். சட்டத்துக்குப் பொருந்தாதெனத் தாம் கருதியதற்கு இணங்க மறுத்தமையால் ஆட்சியாளருடன் முரண்பட்டார் என அவரைப் பற்றிக் கூறுவர். 1959 இல் அவர் ஓய்வு பெறச் செய்யப்பட்டார். அவருடைய இடத்துக்குப் பொலிஸ் அநுபவமில்லாத சிவில் சேவை அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார். சேவையின் மூத்த அதிகாரிகள் பலருக்கு இது மனக்குறையை விளைத்தது.

1962 ஆம் ஆண்டு ஜனவரி 27 ஆம் நாள் இரவு, அரசைக் கவிழ்க்க ஒரு சதி தீட்டப்பட்டிருந்தது. அதில் ஈடுபட்டோருள் தரைப்படை, கடற்படை அதிகாரிகளோடு பொலிஸின் மிக உயர்ந்த அதிகாரிகள் சிலரும் இருந்தனர். அனைவரும் நன்கு பயிற்சி பெற்றவர்கள். ஒழுங்கிற் பெயர் பெற்றவர்கள். சதியில் பங்குகொள்ளுமாறு அழைக்கப்பட்ட கொழும்புப் பொலிஸ் அத்தியட்சர் ஸ்ரான்லி சேனநாயக்க அதற்கு உடன்படவில்லை. அவர் வழியாகச் செய்தி வெளிப்பட்டது. சதி ஒரு குண்டுமின்றி முறிந்தது. குற்றவாளிகளெனத் தீர்க்கப்பட்டோரைக் கோமறைக் கழகம் 1965 இல் விடுதலை செய்தது. அவர்களைத் தண்டிப்பதற்கென்றே பின்னர் இயற்றப்பட்ட சட்டம் நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிட்டது என்பதே அத்தீர்ப்பின் காரணம். சேனநாயக்க 1970 இல் பொலிஸ் மா அதிபரானார். மேலதிகாரிகளின் அழைப்புக்கும் அரசியலமைப்புக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டிய நேரம் வந்தபொழுது அவர் எதைத் தெரிவு செய்தார் என்பது, எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் கற்பிக்கத் தக்க செய்தி.

இனி மீண்டும் திருகோணமலைக்கு வரலாம். 1957 ஆம் ஆண்டு ஒக்டோபர் 15 ஆம் நாள் பிரித்தானியர் அங்கிருந்த கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தனர். 1967 இல் அங்கு கடற்படைக் கல்லூரி நிறுவப்பட்டது. இளம் அதிகாரிகள் கடலோட்டமும் கட்டளையிடும் முறையும் இன்றும் அங்கே கற்கின்றனர். அத்துறைமுக நகரில் பொலிஸ் நிலையமும் உண்டு. இரு சாராரும் சீருடை அணிவோர், ஆயுதந் தாங்குவோர், ஆணைக்கு அடங்குவோர். ஆயினும் அவர்கள் பணி ஒன்றன்று. கடற்படைத் தலைவனின் எதிரே நிற்பது பகைவனின் கப்பல். பொலிஸ் தலைவனின் எதிரே நிற்பவர் அவனுடைய சொந்த நாட்டு மக்கள். கலகக் கும்பலில் நிற்பவனும் மறுநாட் காலை முறைப்பாடு கொண்டுவந்து நீதி கேட்கும் உரிமை உடையவனே.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 3,80,000 மக்கள் வாழ்ந்தனர். தமிழர், முஸ்லிம்கள், சிங்களர் ஆகிய மூவரில் எவரும் பாதித் தொகையை எட்டவில்லை. அங்குள்ள மக்களுட் பெரும்பான்மையோர் தமிழ் பேசுவோர். இத்தகைய மாவட்டத்தில் ஒரு தாய் தன் மகனைக் காணவில்லையென்று வந்து அழும்பொழுது, அவள் சொல்லும் மொழி விளங்காத அதிகாரி, மற்றொருவர் பெயர்த்துச் சொல்வதையே நம்பி நிற்க நேரிடும். பிழை பெரும்பாலும் அவ்விடத்திலேயே தொடங்குகின்றது. ஆதலின் மொழியறிவு பொலிஸ் தலைமைக்கு அணிகலன் அன்று, கருவியே ஆகும்.

2006 ஆம் ஆண்டு ஜனவரி 2 ஆம் நாள் மாலை, திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து தமிழ் மாணவர்கள் உயிரிழந்தனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டு வெடித்து இறந்தனர் என்றே முதலில் கூறப்பட்டது. மருத்துவப் பரிசோதனையிலோ துப்பாக்கிச் சூட்டுக் காயங்கள் காணப்பட்டன. பொலிஸ் சேவையைச் சேர்ந்த 13 பேர்மீது தொடுக்கப்பட்ட வழக்கு, போதிய சான்று இல்லாமையால் 2019 ஆம் ஆண்டு யூலையில் முடிவுற்றது, அவர்கள் விடுவிக்கப்பட்டனர். அதற்குள் சாட்சிகள் சிலர் நாட்டைவிட்டே நீங்கியிருந்தனர். அதே 2006 ஆம் ஆண்டு ஓகஸ்டில் அம்மாவட்டத்து மூதூரில், பிரெஞ்சு உதவி நிறுவனம் ஒன்றின் ஊழியர் 17 பேர் கொல்லப்பட்டனர். இவ்விரு நிகழ்ச்சிகளையும் மேலும் விசாரிக்க வேண்டுமெனக் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 இல் விதந்துரைத்தது. பொலிஸைப் பாதுகாப்பு அமைச்சிலிருந்து பிரித்தல் வேண்டுமென்பதும் அதன் கருத்து.

ஐந்து வீடுகளில் பிள்ளைகள் மாலையில் கடற்கரைக்குச் சென்று திரும்பவில்லை. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னும், இன்னார் செய்தது என்று சட்டம் சொல்ல இயலவில்லை. சுட்டவர் யார் என்னும் வினா ஒருபுறமிருக்க, சம்பவ இடம் உடனே காக்கப்பட்டதா, சான்றுகள் பேணப்பட்டனவா, சாட்சிகள் அச்சமின்றிப் பேச வழி செய்யப்பட்டதா என்னும் வினாக்கள் எஞ்சுகின்றன. இவை துப்பாக்கி ஏந்திய சாதாரண பொலிஸ்காரனிடம் கேட்கத் தக்கனவல்ல. தலைமை தாங்குவோரிடம் கேட்கத் தக்கன.

சீர்திருத்தங்கள் சில நிகழாமலில்லை. 2001 இல் அரசியலமைப்பின் 17 ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவுக்கு வழி வகுத்தது. 2013 இல் பொலிஸ் பாதுகாப்பு அமைச்சினின்றும் பிரிக்கப்பட்டுச் சட்டம் ஒழுங்கு அமைச்சு தோன்றிற்று. 2015 இல் சாட்சிகளையும் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் பாதுகாக்கும் சட்டம் இயற்றப்பட்டது. ஆனாற் சட்டம் ஏட்டில் இருத்தல் போதாது. இரவு பத்து மணிக்கு நிலையத்தில் தொலைபேசி ஒலிக்கும்பொழுது, அதனை எடுக்கும் அதிகாரியின் பழக்கமாக அது மாறல் வேண்டும். பழக்கத்தைத் தருவது பயிற்சியே.

அப்பயிற்சியில் அணிநடைக்கு இடம் உண்டு. ஆயுதப் பழக்கத்துக்கும் இடம் உண்டு. அவற்றோடு, கலகத்தின் முதல் ஒரு மணி நேரத்தில் செய்யத் தக்கதும் தகாததும், மாவட்டத்து மக்களின் மொழி, சான்றைக் காக்கும் முறை, தம் கீழுள்ளோர் தவறிழைத்தால் அதை மறைக்காது நீதிமன்றத்தின் முன் வைக்கும் நேர்மை ஆகியனவும் கற்பிக்கப்படல் வேண்டும். 1915 இன் கண்டியும் 1962 இன் கொழும்பும் 2006 இன் திருகோணமலையும் அவ்வகுப்பறையில் ஒளிவுமறைவின்றிப் பேசப்படல் வேண்டும். சுஃப்ரனின் அன்றைய குறையைக் கடற்படை வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்துள்ளனர். அவருக்கு இழுக்கு உண்டாக்குதல் அத்தகைய ஆராய்ச்சியின் நோக்கமன்று. வருங்காலத்துத் தலைவர்கள் அதே பிழையைச் செய்யாதிருத்தற் பொருட்டே அதனைக் கற்றல் வேண்டும். பொலிஸ் தலைமைக்கும் அத்தகைய கல்வியே வேண்டும்.