மூடுபனியில் சிக்கிய கப்பல்கள்

ஓர் ஆட்டத்தைக் காண்பதற்கென்றே ஆயிரக்கணக்கான மக்கள், கடலென விரிந்த ஆற்றைக் கடந்து அந்நிய நாடொன்றுக்குச் சென்றனர் என்றால், அதனை வெறும் பொழுதுபோக்கின் கதையென ஒதுக்கிவிட முடியாது. 1930ஆம் ஆண்டு யூலை மாத இறுதியில் ஆர்ஜென்ரீனாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் நிகழ்ந்தது அதுவே. துறைமுகத்திற் கப்பல்கள் நிரம்பி வழிந்தன. ஆற்றின் அக்கரையில், உருகுவேயின் தலைநகர் மொன்ரிவிடியோவில், முதலாவது உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் இறுதிப் போட்டி நடைபெற இருந்தது.

இந்த ஆட்டத்தை அம்மண்ணுக்குக் கொண்டுவந்தோர் ஆங்கிலேயர். புகையிரதப் பாதைகளை அமைத்த பிரித்தானிய மூலதனத்தோடு பந்தும் வந்து இறங்கியது. மொன்ரிவிடியோவின் புகழ்பெற்ற பெனரோல் கழகம், 1891இல் பிரித்தானியப் புகையிரதக் கம்பனியின் ஊழியரிடையே பிறந்ததாகும். ஆனால் ஒரு தலைமுறைக்குள் ஆட்டம் எசமானர்களின் கையைவிட்டு நழுவிற்று. குடியேறிய ஏழைகளும் அடிமைகளின் வழித்தோன்றல்களும் அதனைத் தமதாக்கிக் கொண்டனர். 1916இல் நடந்த முதலாவது தென்னமெரிக்கப் போட்டியில் உருகுவேயிடம் தோற்ற சிலி, எதிரணி ஆபிரிக்கரை ஆடவிட்டதென முறையிட்டது. கிராடின், டெல்காடோ என்ற இரு கறுப்பின வீரர்களே அம்முறையீட்டின் இலக்கு. உருகுவே அவர்களை விலக்கவில்லை. 1924இலும் 1928இலும் ஒலிம்பிக் வெற்றியை ஈட்டிய அதன் அணியில் ஒளிவீசியவர் அன்ட்ராடே என்னும் கறுப்பர்.

1830ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்கு நூறாண்டு நிறைவெய்தியதைக் கொண்டாட, 'சென்ரனாரியோ' அரங்கு ஏறத்தாழ எட்டு மாதங்களில் இரவு பகலாகக் கட்டப்பட்டது. மழை இடையூறு செய்தது. யூலை 13இற் போட்டிகள் தொடங்கியபோதும் வேலை முடிந்திருக்கவில்லை. யூலை 18இல் அரங்கு திறக்கப்பட்டபோது, அங்கே முதற் கோலை அடித்தவர் ஹெக்டர் காஸ்ரோ. அவருக்கு வலது முன்னங்கை இல்லை. 13 வயதில் மின்வாளுக்கு அதனைப் பறிகொடுத்தவர். பள்ளியில் இருக்கவேண்டிய வயதிற் சிறுவனொருவன் மின்வாளின் முன்னே ஏன் நின்றான் என்ற கேள்வியைக் கிண்ணத்தின் பளபளப்பு மறைத்துவிடலாகாது.

யூலை 30. வாயிலிற் பார்வையாளர்கள் ஆயுதச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். பெல்ஜிய மத்தியஸ்தர் லாங்கெனுஸ், தம் உயிருக்குப் பாதுகாப்பு உறுதிசெய்யப்பட்ட பின்னரே களமிறங்கச் சம்மதித்தார். எவர் பந்தில் ஆடுவதென்பதிலும் பிணக்கு! முற்பாதி ஆர்ஜென்ரீனாவின் பந்து, பிற்பாதி உருகுவேயின் பந்து எனத் தீர்க்கப்பட்டது. இடைவேளையில் ஆர்ஜென்ரீனா 2-1 என முன்னின்றது. பின்னர் செயா, இரியார்த்தே ஆகியோரின் கோல்களால் நிலை மாறியது. இறுதிக் கோல் ஒரு கையற்ற காஸ்ரோவுடையது. உருகுவே 4-2 என வென்றது.

வந்தவர்களிற் பலர் இதனைக் காணவேயில்லை. மூடுபனியில் திசை தடுமாறிய கப்பல்கள் சில, எல்லாம் முடிந்த பின்னரே கரை சேர்ந்தன.

மறுநாள் உருகுவேயில் தேசிய விடுமுறை. புவெனஸ் அயர்ஸிலோ உருகுவேத் துணைத் தூதரகத்தின் மீது கற்கள் பாய்ந்தன. ஒரே மொழியைப் பேசி, ஒரே ஆற்றின் இரு கரைகளிலும் வாழும் மக்கள் பகைவராயினர்.

ஆனால் ஐந்து வாரங்கள் சற்றே கழிந்து, செப்ரெம்பர் 6இல், மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி இரிகோயனின் ஆட்சியை ஜெனரல் உரிபுரு கவிழ்த்தார். ஆர்ஜென்ரீன மக்களின் வாக்குரிமையை மிதித்த படை அக்கரையிலிருந்து கப்பலேறி வரவில்லை. சொந்த நாட்டுப் பாசறையிலிருந்தே புறப்பட்டது. மறுகரையிலோ, நாட்டிற்குக் கிண்ணம் ஈட்டித் தந்த அன்ட்ராடே 1957இல் வறுமையில் மாண்டார். அவரைக் கைவிட்டதும் அயல்நாடன்று.

விளையாட்டைக் குறைகூற நாம் வரவில்லை. எசமானரின் பந்தை ஏழைகள் தமதாக்கிய வரலாறு பெருமைக்குரியது. அந்த ஆட்டத்தைக் காண ஆறு கடந்து சென்ற ஆர்வமும் அழகியதே. அயலவனைப் பகைவனென நம்பவைக்கும் மூடுபனியே ஆபத்தானது. யூலை மாதத்து ஆற்றுப்பனி ஒருநாளில் விலகியது. இந்தப் பனியை விலக்கக் கல்வியும் வரலாற்றறிவும் வேண்டும்.