படச்சுருளில் உறங்கும் தோட்ட வரலாறு



1957-இல் நாடு விடுதலை பெற்ற காலத்தையொட்டி ரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டன. அதனை எதிர்கொள்ளவே, நம் பேராக்கின் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மறைந்துபோன லயத்து வீடுகளும் கோயில் திருவிழாக்களும் இன்று குடும்பங்களின் பழைய நெகடிவ்களிலேயே எஞ்சியுள்ளன.

அந்த அசிட்டேட் பிலிம் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்து வினிகர் நாற்றம் வீசும், சுருங்கியபின் மீளாது. ஆதலின் முதன்முறையே முழுத் தெளிவுடன் ஸ்கேன் செய்தல் வேண்டும். 35 மி.மீ. படமொன்றை அங்குலத்திற்கு 4000 புள்ளிகள், 48 பிட் வண்ணம் என எடுத்தால் ஏறத்தாழ 128 மெகாபைட் ஆகும். எனவே மடிக்கணினி வாங்குவோர் அழகைவிட 16 ஜிகாபைட் நினைவகத்தையும் நிறம் பிறழாத ஐபிஎஸ் திரையையும் முதலில் நோக்குக. படங்களின் நகலைத் தனி வன்தட்டிலும் சேமித்திடுக.

படத்தோடு ஊர், ஆண்டு, பெயர் ஆகியவற்றையும் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்போம். அப்போதுதான் அது வரலாறாகும்.