புகைபோக்கிக்குள் நுழைந்த சிறுவர்கள்

ஒற்றை ஆளாகத் துப்புரவுத் தொழில் செய்பவரின் வருமானம் அவர் உடம்பு தாங்கும் அளவோடு நின்றுவிடும். இங்கிலாந்தில் புகைபோக்கி சுத்தம் செய்தவர்களின் கதையும் அதுதான். வாரிய புகைக்கரியை உழவர்களுக்கு உரமாக விற்றதில் கொஞ்சம் மேல்வரும்படி உண்டு. அதற்கு மேல் சம்பாதிக்க ஆள் வேண்டும்; ஒன்பது அங்குல அகலத்துக்குள் நுழையக்கூடிய சின்ன ஆள்.

ஏழை வீட்டுப் பிள்ளைகளும் அனாதைகளும் தொழில் பழகச் சேர்க்கப்பட்டார்கள். முட்டியும் முழங்கையும் சுவரில் உராய்ந்து புண்ணாகும். தோல் காய்த்துப்போவதற்காக, எரியும் நெருப்பருகே நிற்கவைத்துக் கடும் உப்புநீரைத் தேய்ப்பார்கள். இந்தத் தொழிலாளர்களுக்குப் புகைக்கரியால் விதைப்பையில் புற்றுநோய் வருவதை 1775-இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர் எழுதினார்.

1788-இல் வந்த சட்டம் எட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்றது; ஒரு முதலாளிக்கு ஆறு பையன்கள் என்று வரம்பும் கட்டியது. நடைமுறைப்படுத்தத்தான் ஆளில்லை.

இத்தனைக்கும், கழிகளை இணைத்து நீட்டும் தூரிகையை ஜார்ஜ் ஸ்மார்ட் 1803-லேயே உருவாக்கியிருந்தார். சிறுவன் இல்லாமலேயே வேலையை முடிக்கலாம். ஆனால் வளைந்த புகைபோக்கிகளை மாற்றிக் கட்டச் செலவாகும் என்று வீட்டுக்காரர்கள் கணக்குப் பார்த்தார்கள். மன்னிக்க முடியாத கணக்கு.

1875 பிப்ரவரியில் கேம்பிரிட்ஜ் அருகே ஃபுல்போர்ன் மருத்துவமனைப் புகைபோக்கியில் சிக்கிய ஜார்ஜ் ப்ரூஸ்டர் என்ற சிறுவன் இறந்துபோனான். முதலாளிக்கு ஆறு மாதக் கடுங்காவல். ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் முயற்சியால் அதே ஆண்டு வந்த சட்டம், ஆண்டுதோறும் போலீசிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றது. அதன் பிறகுதான் சிறுவர்கள் புகைபோக்கி ஏறுவது ஒழிந்தது.